எட்டுப் போட்டவனுக்கு நூற்றைம்பது

எந்த ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமானாலும் பக்கத்தில் ஒரு பொட்டல் இருக்கும். பொட்டலில் ஓர் எட்டு இருக்கும். சில ஊரில் சிமெண்டுத் தரையில் மஞ்சள் பெயிண்டால் போட்டது, சில ஊரில் வெறும் டயர்த் தடத்தால் ஆனது. ஓரத்தில் வேப்பமரம், மர நிழலில் பிரேக் இன்ஸ்பெக்டர், அவருக்கு இரண்டடி தள்ளிக் காகிதக் கட்டோடு டிரைவிங் ஸ்கூல்காரர். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசாங்கம் வைத்த பெயர். பிரேக் இன்ஸ்பெக்டர் என்பது ஜனங்கள் வைத்தது. அவர் ஒரு வண்டியின் பிரேக்கை அமுக்கிப் பார்த்து நான் கண்டதில்லை. அதற்கென்ன, பெயருக்கும் பிழைப்புக்கும் சம்பந்தம் இருந்துதான் ஆக வேண்டுமா? எங்கள் தெருக் குபேரன் இன்னும் டீக்கடையில் கணக்கு எழுதித்தான் குடிக்கிறார்.

பையன் வருகிறான். பதினெட்டு முடிந்து மூன்று வாரம். டிரைவிங் ஸ்கூல்காரர் வாடகைக்குக் கொடுத்த பழைய ஸ்ப்ளெண்டரில் ஏறுகிறான். கால் ஊன்றக் கூடாது, கோட்டை விட்டுப் போகக் கூடாது, திரும்பும்போது கை காட்ட வேண்டும். முதல் கியரில், கூடையோடு நடந்து போகிற கிழவி முந்திவிடக்கூடிய வேகத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு எட்டுப் போடுகிறான். போட்டுவிட்டான். இன்ஸ்பெக்டர் தலை அசைகிறது. சில நாளில் லைசன்ஸ் தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டத் தகுதியானவன் என்று அதில் போட்டிருக்கும். எத்தனை சிசி என்று போட்டிருக்காது. ஸ்ப்ளெண்டரில் எட்டுப் போட்டவன் அது வந்த மறுநாளே 1340 சிசி ஹயபூசாவில் ஏறலாம். சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. நீச்சல் தெரியுமா என்று கேட்டு, அண்டாவில் முக்கிப் பார்த்து, தெரியும் என்று சான்றிதழ் கொடுத்து, அப்படியே கூட்டிக்கொண்டுபோய் நடுக்கடலில் தள்ளுகிற ஏற்பாடு இது. தள்ளுகிறவர் எவரும் இல்லை. கப்பலை விற்கிற கடைதான் இருக்கிறது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் சொல்லித்தான் எனக்கு இது உறைத்தது. அங்கே முதலில் கிடைப்பது 2பி. அதை வைத்துக்கொண்டு 200 சிசிக்கு மேல் தொட முடியாது. ஒரு வருஷமாவது அதில் கழித்துவிட்டு, மறுபடி பயிற்சி, மறுபடி பரீட்சை, அப்புறம்தான் 2ஏ. அது 400 வரைக்கும். அதற்கு மேல் வேண்டுமா, இன்னொரு வருஷம், இன்னொரு பரீட்சை. ஜப்பானிலும் 400 சிசிக்கு மேலே தனி லைசன்ஸ். இத்தனைக்கும் உலகத்துக்குப் பெரிய பைக்குகளைச் செய்து அனுப்புகிறவன் அவன். செய்கிறவனுக்கே அதைப் பார்த்தால் பயம். நமக்கு இல்லை. இதே தம்பி சிங்கப்பூரில் 2பி லைசன்சோடு மரியாதையாக இடது ஓரம் போகிறவன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் மச்சானுடைய டியூக் 390-ஐ எடுத்துக்கொண்டு பைபாஸுக்குப் போய்விடுகிறான். “அங்க விட மாட்டான்ணே, இங்கதான் சுதந்திரமா ஓட்டலாம்” என்றான். சுதந்திரம் எதற்கு வாங்கினோம் என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

எங்கள் தெருவுக்கே ஒரு மாருதி 800 இருந்த காலம் ஒன்று உண்டு. 796 சிசி, 37 குதிரைத்திறன். அந்தக் குதிரைகள் முப்பத்தேழும் சேர்ந்துதான் 650 கிலோ வண்டியையும், வாத்தியார் குடும்பத்தில் ஆறு பேரையும், பழனிக்குக் கொண்டுபோகிற காவடியையும், வரும்போது பஞ்சாமிர்த டப்பாக்களையும் இழுத்தன. 2013இல் இங்கே வந்த டியூக் 390-க்கு 43 குதிரைத்திறன். எடை ஏறக்குறைய 150 கிலோ. ஆறு பேர் கிடையாது, காவடி கிடையாது. ஐம்பத்தைந்து கிலோவில் ஒரு பையன், அவன் முதுகில் கல்லூரிப் பை, பைக்குள் ஒரே ஒரு நோட்டு. டியூக்கைக் குற்றம் சொல்லவில்லை, நல்ல எந்திரம்தான். அது கேட்டதைக் கொடுக்கிறது. கேட்கிற மணிக்கட்டுக்கு வயது பதினெட்டு என்பதுதான் விஷயம். வலது கையை ஓர் அங்குலம் முறுக்கினால் 150 வரை போகிற பொருள் அது. நான்கு வழிச் சாலையிலேயே இருசக்கர வண்டிக்குச் சட்டம் விதித்திருக்கிற உச்ச வேகம் 80. சென்னைக்குள் 50, குடியிருப்புத் தெருவில் 30. இந்த நாட்டில் எந்தப் பொதுச் சாலையிலும் ஓட்ட அனுமதி இல்லாத வேகத்தை, இந்த நாட்டின் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி போட்டு, மாதத் தவணையில் விற்கிறோம். ஊரில் வாய்க்கால் இல்லை என்று தெரிந்தே எல்லார் வீட்டுக்கும் படகு விற்கிற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, படகு ஆளைக் கொல்லாது.

ஷோரூமில் நடப்பது ஒரு சடங்கு. சாவி பெரிய அட்டையில் வரும், அரை ஆள் உயரத்துக்கு. கேக் வெட்டுவார்கள். வண்டிக்கு மேல் சிவப்புத் துணி போர்த்தியிருக்கும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விலக்க வேண்டும், செல்போனில் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தில் அப்பாவின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டு பவுனை அடகு வைத்து முன்பணம் கட்டின முகம் அது. மீதிக்கு முப்பத்தாறு தவணை. ஹெல்மெட் ஒன்று அதோடு கொடுக்கிறார்கள். கடையில் மாட்டின பாலிதீன் உறையோடு அது வீட்டுப் பரணில் ஏறும். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருப்பாள்.

அப்பாவிடம் கேட்டேன். “ஏங்க, இவ்வளவு பெரிய வண்டி எதுக்குங்க இவனுக்கு? காலேஜ் அஞ்சு கிலோமீட்டர்தானே?”

“என்ன பண்றது சார். வாங்கித் தரலேன்னா மருந்தக் குடிச்சிருவேங்கிறான்.”

மருந்தைக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக அதையே நாற்பத்துமூன்று குதிரைத்திறனில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாவம், அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. ஆனால் கோபிக்க வேண்டிய அப்பாக்களும் இருக்கிறார்கள். விருந்தாளி வந்ததும் “டேய், மாமாவுக்கு ஓட்டிக் காட்டு” என்று எட்டாம் வகுப்புப் பையனைப் புல்லட்டில் ஏற்றுகிறவர்கள். கால் தரையில் எட்டாது. அப்பா பின்னால் இருந்து வண்டியைப் பிடித்துக்கொள்வார், பையன் கிளட்சை விடுவான், தெரு முழுக்க வாசலுக்கு வந்து நிற்கும். “பாத்தீங்களா, எட்டாப்புதான் படிக்கிறான்!” என்பார் அப்பா. இப்படிச் சொல்கிற வாய்க்கு 2019 திருத்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, 199ஏ. வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் 25,000 ரூபாய் அபராதம், பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்து, பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசன்ஸ் கிடையாது. படித்தால் நடுங்கும் சட்டம். யாரும் நடுங்கவில்லை, ஏனென்றால் யாரும் படிக்கவில்லை. பிடித்தால் சொல்வதற்கு ஒரு பெயர், எம்எல்ஏ வீட்டிலோ ஒன்றியத்திலோ, எல்லார் செல்போனிலும் இருக்கிறது. அந்தப் பெயர் போலீஸைத்தான் நிறுத்தும். எதிரே வருகிற லாரியிடம் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம் மெக்கானிக் கடைக்குப் போகும், ரிப்பேருக்கு இல்லை, அழகு செய்ய. கம்பெனி பொறியாளர்கள் வருஷக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு வைத்த பொருள்களை எங்கள் மெக்கானிக் ஒரு பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரால் அரை மணியில் கழற்றுவார். முதலில் இரண்டு கண்ணாடிகள். பின்னால் வருகிறவனைப் பார்ப்பது கெத்து இல்லை. அப்புறம் மட்கார்டு, இண்டிகேட்டர், சைலன்சர். கடைசியில் சேலைக் காப்பு. சேலைக் காப்பு என்று ஒரு கம்பி, மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது: பின்னால் உட்காரும் பெண்களின் முந்தானை சக்கரத்தில் சிக்காமல் இருக்க. உலகத்திலேயே அம்மாக்களை நினைத்து எழுதின வாகன விதி அநேகமாக இது ஒன்றுதான். அதைத்தான் மகன் கழற்றி எடைக்குப் போடுகிறான்.

பிறகு வெள்ளிக்கிழமை வரும். அம்மாவைச் சந்தைக்குக் கூட்டிப்போக வேண்டும். பந்தய பைக்கின் பின்சீட்டு என்பது சீட்டு இல்லை, உள்ளங்கை அகலத்தில் வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்த ஒரு பலகை. எங்கள் எதிர்வீட்டு அக்கா அதில் ஏறுவதைத் தெருவே பார்க்கும். முதலில் திண்ணையில் ஏறி, அங்கிருந்து சீட்டுக்கு. கையில் கட்டைப்பை, பையில் தேங்காய், மறுகையில் மகனின் தோள். அவள் தலை மகனின் தலைக்கு ஓர் அடி மேலே இருக்கும், மாரியம்மன் சப்பரத்தில் உட்கார்ந்த மாதிரி. அப்படித்தான் போவாள், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது, காப்பு கிடையாது, தலையில் பூவைத் தவிர எதுவும் கிடையாது. “மெதுவா போ கண்ணு” என்பது அந்த வண்டியில் இருக்கிற ஒரே பாதுகாப்புக் கருவி.

சாமியை மறந்துவிட்டேனே. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டாமல் பிரேக் பிடிக்கிற ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே இருந்தால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு போதும் என்றார்கள். எங்கள் ஊரில் எல்லா சிசிக்கும் எலுமிச்சம்பழம் கட்டாயம். சக்கரத்துக்கு ஒன்று, நசுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆயுத பூஜை அன்று வண்டிக்குத் திருஷ்டி கழித்துப் பூசணிக்காயை நட்டநடு ரோட்டில் உடைப்போம், வண்டிக்கு ஆபத்து வராமல் இருப்பதற்காக. ராத்திரி அந்தப் பூசணிக்காயில் வழுக்கி நான்கு வண்டிகள் விழும். மறுநாள் அந்த இடத்துக்குக் “காவு வாங்குற இடம்” என்று பெயர் வந்துவிடும். அடுத்த வருஷம் அங்கே இன்னும் பெரிய பூசணிக்காயாக உடைப்போம்.

பந்தயம் ஓட்ட வேண்டும் என்கிற ஆசை தப்பே இல்லை. சென்னைக்காரர்கள் 1950களிலேயே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பைக் பந்தயம் விட்டவர்கள். 1990இலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் இருக்கிறது. போய்ப் பாருங்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தோல் உடுப்பு. முதுகுக்குத் தனிக் கவசம். திருப்பத்துக்கு வெளியே விழுந்தால் சறுக்கி நிற்க இடம். கொடி பிடித்தவர்கள், டாக்டர், ஆம்புலன்ஸ். எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும். எதிரில் டிராக்டர் வராது, குறுக்கே எருமை வராது, தண்ணீர் லாரி கசிந்துகொண்டு போகாது. இத்தனையும் இருந்தும் 2023 ஆகஸ்டில் அந்தத் தடத்தில் போட்டியில் விழுந்து 13 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அங்கேயே அப்படி. அந்த விளையாட்டைத்தான் நம் பிள்ளைகள் மெரினாவிலும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும் டி-சட்டையும் ரப்பர்ச் செருப்பும் போட்டுக்கொண்டு விளையாடுகிறார்கள். பொதுச் சாலையில் பந்தயம் விட்டுப் பிடிபட்டால் முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். அல்லது இரண்டும். அந்தச் சத்தச் சைலன்சரின் விலையே அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

அதே 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலையில், லட்சக்கணக்கான பிள்ளைகள் பின்தொடர்கிற ஒரு யூடியூப் நாயகர் முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்தார். வண்டி அவரைத் தூக்கி எறிந்தது. கை முறிந்தது, ஆள் பிழைத்தார். சிறைக்குப் போனார், ஜாமீன் கேட்டார். அந்த பைக்கைக் கொளுத்திவிடலாம் என்கிற அளவுக்கு உயர் நீதிமன்ற நீதிபதிக்குக் கோபம் வந்தது. போக்குவரத்துத் துறை பத்து வருஷத்துக்கு, 2033 வரை, லைசன்ஸைப் பறித்தது. இதெல்லாம் பேப்பரில் வந்ததுதான். பேப்பரில் யாரும் பெரிதாக எழுதாத ஒன்று உண்டு: அவர் ஏன் பிழைத்தார்? தலையில் முழு ஹெல்மெட், உடம்பில் கவச உடுப்பு. நாயகர் கெட்டிக்காரர். வீலிங் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி உடுத்திக்கொண்டுதான் வந்தார். ரசிகன் வீலிங்கை மட்டும் காப்பி அடித்தான். உடுப்பு வாங்க அவனிடம் காசு இல்லை. ஜெயில் வாசலில் கூடி நின்று கோஷம் போட்ட பிள்ளைகள் எத்தனை பேர் தலையில் ஹெல்மெட் இருந்தது என்று எண்ணத்தான் நமக்குத் தோன்றவில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். விழிப்புணர்வு செய்கிறது. சாலைப் பாதுகாப்பு வாரத்தில் சிக்னலில் எமன் நிற்பார். கோயில் கூத்துக்காரர் ஒருவருக்கு ஜிகினா கிரீடம் வைத்து, கையில் பாசக்கயிறு கொடுத்து, ஹெல்மெட் போடாதவன் கழுத்தில் மாட்டச் சொல்வார்கள். மாட்டுவார், பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள், மாட்டிக்கொண்டவன் பல்லைக் காட்டுவான், மிட்டாய் கொடுத்து அனுப்புவார்கள். எனக்கு அந்த எமனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவர் இன்னும் எருமையில்தான் வருகிறார். அவருக்கு ஓர் அவசரமும் இல்லை. நாம்தான் நூற்றைம்பதில் போய் அவர் மேலே ஏறுகிறோம். எமன் முடிந்தால் பேரணி. கலெக்டர் கொடி அசைப்பார், நூறு பைக் ஹெல்மெட்டோடு போகும், பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்ததும் முடியும். மறுநாள் இதே சாலையில் அரசியல் கட்சிப் பேரணி. ஆயிரம் பைக், ஒரு பைக்குக்கு மூன்று பேர், கொடி இருக்கும், ஹெல்மெட் இருக்காது. நேற்று வழி ஒதுக்கிக் கொடுத்த அதே போலீஸ்காரர் இன்றும் வழி ஒதுக்கிக் கொடுப்பார். வருஷத்துக்கு ஒரு முறை, பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாகப் படுக்க வைத்து ரோடு ரோலர் ஏற்றுவார்கள். பார்க்கத் திருப்தியாக இருக்கும். அதே சைலன்சர் அந்த மைதானத்திலிருந்து அரைக் கிலோமீட்டரில் கடை வாசலில் தோரணமாகத் தொங்கும். ரோலர் அவ்வளவு தூரம் போகாது.

வரி விஷயத்தில்தான் அரசாங்கம் தன் மனசைத் திறந்து காட்டியது. 2025 செப்டம்பர் 22இல் புது ஜிஎஸ்டி வந்தது. 350 சிசி வரை 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேலே போனால் 40. சூதாட்டம், லாட்டரி, குதிரைப் பந்தயம் எல்லாம் நிற்கிற அதே வரிசை. குதிரைப் பந்தயத்துக்கும் 40, குதிரைத்திறனுக்கும் 40. இது சூதுதான் என்று தெரிந்திருக்கிறது, வாயால் சொல்லத்தான் கூச்சம். சூதில் நாற்பது பங்கை வாங்கிக்கொள்கிறவர், ஆடுகிறவனுக்கு ஆடத் தெரியுமா என்று கேட்கலாமா? கேட்டால் ஆட்டம் நின்றுவிடும். ஆகவே எட்டு போதும்.

பெரிய பைக்தான் எல்லாரையும் கொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அது பொய். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897. நாளொன்றுக்கு 205 பேர், நம்மூர் டவுன் பஸ் நான்கு நிறைய. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் ஐம்பதாயிரம் பேர். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில், 64,105 என்று, நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாடு. எதிலாவது முதலிடம் வந்தால் ஃப்ளெக்ஸ் அடிக்கிற நாம் இதற்கு மட்டும் அடிக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண வண்டிக்காரர்கள். விளக்கில்லாமல் ஓரம் கட்டின லாரியில் மோதினவர்கள், குழியில் விழுந்தவர்கள், தப்பான திசையில் வந்தவனிடமிருந்து தப்பிக்கப் போய்ச் செத்தவர்கள்.

அதனால்தான் கோபமே. எக்ஸ்எல்லில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிறவரை நினைத்துப் பாருங்கள். 100 சிசி, நான்கு குதிரைத்திறன் சொச்சம். அவருக்கு நாற்பதுதான் வேகம், அதுவும் இறக்கத்தில். அறுபது வயது. குறுக்குச் சந்திலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது இரண்டு பக்கமும் பார்க்கிறார். தூரத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த புள்ளிகளின் கணக்குப்படி அது வந்து சேர நேரம் இருக்கிறது. ஏறுகிறார். மணிக்கு நூறில் வருகிற வண்டி ஒரு விநாடிக்கு 28 மீட்டர் தாண்டும். “ஒண்ணு” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் நான்கு வீடு. நூற்றைம்பது என்றால் ஆறு வீடு. வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற சக்தி நான்கு மடங்கு என்று பள்ளிக்கூட இயற்பியலில் எல்லாரும் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம், இரண்டு மதிப்பெண் கேள்வி. பால்காரர் அந்த இரண்டு மதிப்பெண்ணில் போய்ச் சேருகிறார். அவர் யாரையும் முந்த நினைக்கவில்லை. அவர் எந்த யூடியூபையும் பார்க்கவில்லை. மறுநாள் பேப்பரில் “கட்டுப்பாட்டை இழந்த பைக்” என்று வரும். பைக் இழந்ததாம். கட்டுப்பாடு யாரிடம் இருந்தது, எப்போது கொடுத்தார்கள், எட்டுப் போட்ட அன்றா?

வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறவர்கள் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். “விதி.” தமிழில் இது ஒரு வசதி. மீறினதும் விதி, முடிந்ததும் விதி. சாலை விதியை எழுதினவன் ஒருத்தன், தலைவிதியை எழுதினவன் ஒருத்தன், இரண்டு பேருக்கும் நாம் ஒரே பெயர் வைத்துவிட்டதால் முதலாமவனைத் தேடி ஒருவரும் போவதில்லை. 80-க்கு மேல் ஓட்டக் கூடாத நாட்டில் 150-ஐ விற்க அனுமதி கொடுத்தது விதி. ஒரே லைசன்ஸில் நூறையும் ஆயிரத்தையும் அடைத்தது விதி. கேமரா வைத்துவிட்டு ரசீதை வீட்டுக்கு அனுப்பாதது விதி. அந்தப் பையனின் தலையெழுத்துதான் இவ்வளவையும் ஊர் ஊராகப் போய்ச் செய்துவிட்டு வந்தது போல.

ஒன்றில் மட்டும் தமிழ்நாட்டு அரசாங்கத்தைப் பாராட்ட வேண்டும். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்று 2021 டிசம்பரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நிஜமாகவே உயிர் காத்த திட்டம். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த 48 மணி நேரத்துக்கு முந்தின நாற்பத்தெட்டு விநாடியைப் பற்றி எந்தத் திட்டமும் இல்லை. வண்டிக்காரர் இறந்தால் கட்டாயக் காப்பீட்டில் 15 லட்சம் உண்டு என்பார்கள். ஓட்டினவனிடம் லைசன்ஸ் இல்லை என்றால் அதுவும் இல்லை. தவணை மட்டும் இருக்கும். வண்டி காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் மழையில் நனைந்துகொண்டிருக்கும், நம்பர் பிளேட்டில் “அம்மா ஆசி” என்று இருக்கும், பைனான்ஸ்காரர் ஏழாம் தேதி காலையில் போன் செய்வார். “தம்பி இருக்காப்லயா சார்?”

போன மாதம் பேத்தியின் காதுகுத்துக்குப் பேனர் அடிக்க ஃப்ளெக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் மூன்று பையன்கள். கண் சிவந்திருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் எழுந்திருக்காமலே கேட்டார்.

“போட்டோ கொண்டாந்தீங்களாப்பா?”

“உங்கட்டயே இருக்கும்ணே. ஜூன்ல பர்த்டேக்கு அடிச்சோமே.”

தேடினார். இருந்தது. திரையில் அவன் வந்தான். கறுப்புக் கண்ணாடி, ஒரு கால் தரையில், ஒரு கால் பைக்கில், பின்னால் தீ எரிவது போல. மேலே “அகவை 19 காணும் எங்கள் தளபதியே” என்று எழுதியிருந்தது. அவர் அதை அழித்தார். “கண்ணீர் அஞ்சலி” என்று அடித்தார். தீயை எடுத்துவிட்டு மேகம் வைத்தார். இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு. எல்லாம் தயாராகவே ஒரு ஃபோல்டரில் இருந்தது. நான்கு நிமிஷம் ஆகியிருக்குமா, ஆகியிருக்காது.

“பைக்க என்ன பண்ண, எடுத்துரவா? மூஞ்சிய மட்டும் வச்சா டீசண்டா இருக்கும்.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நடுவில் நின்றவன் சொன்னான்: “இருக்கட்டும்ணே. அதுதான் அவன் உசுரே.”

“சைசு?”

“பத்துக்கு எட்டு போட்ருங்கண்ணே.”

அச்சாகி முடிந்ததும் மை காயக் கொஞ்சம் நேரம் தொங்கவிட்டு, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். பணத்தை மூன்று பேரும் பாக்கெட்டைத் துழாவிச் சேர்த்துக் கொடுத்தார்கள். வாசலில் வண்டி நின்றது. இது வேறு கலர். ஒருத்தன் ஓட்ட உட்கார்ந்தான், ஒருத்தன் பின்னால் ஏறினான், மூன்றாமவன் கடைசியில் இருந்த கையகல இடத்தில் தொற்றிக்கொண்டான். சுருட்டின ஃப்ளெக்ஸை நடுவில் இருந்தவன் குறுக்காக மடியில் வைத்தான். அது இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லை. ஒரு தலையிலும் ஒன்றும் இல்லை.

“பாத்துப் போங்கப்பா” என்றேன்.

ஓட்டுகிறவன் திரும்பி, மரியாதையாகத் தலையை ஆட்டினான். அப்புறம் முறுக்கினான்.